முதல் வைக்கோல் பேலர்: வாங்குவதா, வாடகையா? வாங்கினால் எது?

காவிரி டெல்டாவில் ஐந்து ஏக்கர் நெல்லும் நான்கு மாடும் வைத்திருக்கும் ஒருவர் வைக்கோல் கட்டும் இயந்திரமான பேலர் வாங்க நினைத்தால், விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுவிட வேண்டும். பசுந்தீவனமும் கொடுக்கும் வீட்டில் ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிலோ வைக்கோல் என்று வைத்தால் வருடத்துக்கு 1.8 டன். நான்கு மாட்டுக்கு ஏழு டன்னுக்குச் சற்று மேல். 15 கிலோ உருளைக் கட்டாகப் போட்டால் 490 கட்டு வரும். சிறிய உருளைக் கட்டு இயந்திரம், காய்ந்த வயலில் சுமாராக ஓடினாலே மணிக்கு 50 கட்டுப் போடும். வீட்டு மாடுகளின் ஓராண்டுத் தீவனத்தைப் பத்து மணி நேரத்தில் கட்டி முடித்துவிட்டு, மீதி வருடம் முழுவதும் அது கொட்டகையில் நிற்கும்.

மூன்று லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் பொருளைப் பத்து மணி நேர வேலைக்காக வாங்குபவர் யாரும் இல்லை. எனவே சிறு விவசாயி முதல் பேலர் வாங்கும்போது, அவர் அப்படி நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், வாடகைத் தொழிலுக்குள் காலெடுத்து வைக்கிறார். அவர் கட்டப்போவது பெரும்பாலும் பக்கத்து வயல்காரர்களின் வைக்கோலை. இதை ஒப்புக்கொண்டுவிட்டால், எந்த இயந்திரம் என்ற கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும். சொந்த வயலுக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதை விட்டு, ஊரில் உள்ள வரப்புகளுக்கும் சேற்றுக்கும் வைக்கோல் வாங்க வரும் லாரிகளுக்கும் எது பொருந்தும் என்று பார்க்கத் தொடங்குவோம்.

வாடகைக்கு எடுப்பதே போதுமா?

பலருக்குப் போதும். வாடகை வண்டி நேரத்துக்கு வரும் ஊரில், டிராக்டர் இல்லாதவர் அல்லது டிராக்டர் இருந்தும் ஓட்ட ஆள் இல்லாதவர் பேலர் வாங்குவதில் அர்த்தமில்லை. கட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சில இடங்களில் கட்டுபவரே வைக்கோலையும் விலைக்கு எடுத்துக்கொள்கிறார். அதுவும் மோசமில்லை.

சிக்கல் அந்த ‘நேரத்துக்கு’ என்ற சொல்லில் இருக்கிறது. டெல்டாவில் சம்பா, தாளடி அறுப்பு தை, மாசியில் ஒரே நேரத்தில் குவிகிறது. அறுவடை இயந்திரம் போன பிறகு வைக்கோல் இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வேண்டும். ஈரப்பதம் ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு இறங்கினால்தான் கட்டி அடுக்கலாம். 20 சதவீதத்தைத் தாண்டிய வைக்கோலை இறுக்கிக் கட்டினால் உள்ளே சூடேறும், பூசணம் பிடிக்கும், மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்காக அதிகம் காயவிடவும் முடியாது. மொறுமொறுவென்று காய்ந்த வைக்கோல் நொறுங்கித் தூளாக உதிர்ந்துவிடும். அதற்குள் ஒரு மழை வந்துவிட்டால் எல்லாம் போச்சு. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் பருவம் தவறிப் பெய்த மழையில் நெல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பத்திரிகைகள் எழுதின. வயலில் கிடந்த வைக்கோலைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை.

இதைவிடக் கழுத்தைப் பிடிப்பது உளுந்து. சம்பா, தாளடி அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாளுக்கு முன்பே, மெழுகு பதத்தில் ஈரம் இருக்கும் வயலில், நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப் பயறையும் தெளிப்பது டெல்டாவின் பழைய வழக்கம். கதிர் அரிவாளால் அறுத்த காலத்தில் அறுத்த கையோடு வைக்கோலும் வயலை விட்டுக் களத்துக்குப் போய்விடும். இப்போது அறுவடை இயந்திரம் வைக்கோலை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. அந்த வரிசைக்கு அடியில் முளைத்த உளுந்து வெளுத்துச் சாகும். பேலர் சீக்கிரம் வந்தால் முளை பிழைக்கும். தாமதமாக வந்தால், ஏற்கெனவே நாலு இலை விட்ட செடியை டிராக்டர் சக்கரம் நசுக்கும். வாடகைக்காரர் “நாளை வருகிறேன்” என்று ஐந்து நாள் சொன்னால், போவது வைக்கோல் மட்டும் அல்ல, அடுத்த பயிரின் ஒரு பகுதியும்தான்.

ஆகவே என் கணிப்பு இது. சுற்று வட்டாரத்தில் இரண்டு மூன்று பேலர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்து, நாள் தவறாமல் வருகின்றன என்றால் வாங்காதீர்கள். வாங்கினாலும் அவற்றின் சொந்தக்காரர்களோடு கூலியைக் குறைத்துப் போட்டிபோட வேண்டியிருக்கும். வேளாண்மைப் பொறியியல் துறை உழவன் செயலி வழியாக இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. உங்கள் வட்டாரத்தில் பேலர் இருக்கிறதா, எத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு பருவம் பார்த்துவிடுங்கள். ஆள் கிடைக்காமல் வைக்கோலைக் கொளுத்துகிற, அல்லது மடக்கி உழுகிற ஊர் என்றால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

போட்ட பணம் திரும்புமா என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. எண்களை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இயந்திரம் மூன்று லட்சம். கட்டுக்கு 40 ரூபாய் கூலி வாங்கி, டீசல், கயிறு, ஓட்டுநர், தேய்மானம் எல்லாம் போக 15 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைப்போம். முதல் எடுக்க 20,000 கட்டுப் போட வேண்டும். ஒரு ஏக்கரில் ஒரு டன் வைக்கோல் கைக்கு வந்தால் 15 கிலோ கட்டாக 65 வரும். 20,000 கட்டு என்றால் 300 ஏக்கருக்கு மேல். நாளுக்கு ஆறு ஏக்கர் ஓட்டினால் 50 நாளுக்குச் சற்று மேல், அதாவது சுமாராக இரண்டு சம்பா அறுப்பு. மானியம் கிடைத்தால் இந்தக் காலம் சுருங்கும். ஒரு பருவத்தை மழை கெடுத்தால் நீளும். வங்கிக் கடன் வட்டியை இதில் சேர்க்கவில்லை. 300 ஏக்கருக்குச் சொந்தக்காரர்களின் பெயரை விரல்விட்டு எண்ண முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்குவதுதான் வழி.

உருளையா, சதுரமா?

கொங்குப் பக்கமும் கேரளப் பக்கமும் வைக்கோல் வாங்கும் வியாபாரிகளைக் கேட்டால் சதுரக் கட்டுக்கே முதல் ஓட்டு விழும். காரணம் லாரி. உருளைகளை ஒன்றின்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் அடுக்கினால் இடத்தில் 78 சதவீதம்தான் நிரம்பும். பள்ளத்தில் உட்கார வைத்து அடுக்கினால் 90 சதவீதம் வரை போகும். மிச்சம் காற்று. தஞ்சாவூரிலிருந்து பாலக்காடு வரை அந்தக் காற்றுக்கும் லாரி வாடகை கொடுக்க வேண்டும். சதுரக் கட்டு செங்கல்லைப் போல இடைவெளியில்லாமல் அடுக்கிக்கொள்ளும்.

ஆனால் அந்தச் சதுரக் கட்டைப் போடும் இயந்திரம் வேறு சாதி. 36 செ.மீ. உயரமும் 46 செ.மீ. அகலமும் உள்ள அறைக்குள் பிஸ்டன் போன்ற தள்ளுகட்டை இடிஇடியென்று இடித்து வைக்கோலை அமுக்குகிறது. இழுப்பதற்கு 50 குதிரைத்திறனை ஒட்டிய டிராக்டராவது வேண்டும். எடை ஒரு டன்னைத் தாண்டும். விலை சிறிய உருளை இயந்திரத்தைப்போல மூன்று மடங்கு அளவுக்குப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக அதில் முடிச்சுப் போடும் பகுதி ஒன்று இருக்கிறது. கயிற்றைப் பிடித்து, சுற்றி, முடிந்து, அறுத்துவிடும் அந்தச் சின்ன அமைப்பு சரியாக இருக்கும்வரை அற்புதம். ஒரு ஸ்பிரிங் தளர்ந்தாலும் கயிற்றின் பருமன் மாறினாலும் பத்துக் கட்டுக்கு ஒன்று அவிழ்ந்து கிடக்கும். அதைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் ஒரு மாவட்டத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

உருளை இயந்திரத்தில் முடிச்சே கிடையாது. கட்டு உள்ளே உருண்டுகொண்டிருக்கும்போதே கயிறு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றிக்கொண்டு போகிறது. கடைசியில் ஒரு கத்தி அதை அறுக்கிறது. சுற்றிய இறுக்கத்திலேயே கயிறு நிற்கிறது. முதல் முறை பேலர் வாங்குபவருக்கு இந்த ஒரு வேறுபாடே போதும் என்பேன். கெடக்கூடிய பொருள் எவ்வளவு குறைவோ அவ்வளவு தூக்கம்.

இதற்குக் கொடுக்கும் விலை நேரம். உருளை நிரம்பியதும் வண்டியை நிறுத்தி, கயிறு சுற்றி முடித்து, பின்கதவைத் திறந்து கட்டைத் தள்ளிவிட்டுத்தான் மறுபடி நகர வேண்டும். சதுர இயந்திரம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஒரே பரப்பாக ஐம்பது ஏக்கர் கிடைத்தால் இந்த நிற்றல் உறுத்தும். மூன்று மாவுக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கருக்கு, ஒரு வரப்பு குறுக்கிடும் வயலில், எப்படியும் திரும்பித் திரும்பித்தான் ஓட்ட வேண்டும் என்பதால், அவ்வளவாகத் தெரியாது.

நின்று நின்று கட்டுவது இன்று நேற்று வந்த குறை அல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த லூபென் குடும்பத்தார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கிய வடிவமைப்பைக் கொண்டு, ஆலிஸ் சால்மர்ஸ் நிறுவனம் 1947இல் சிறிய உருளைக் கட்டு இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதையும் ஒவ்வொரு கட்டுக்கும் நிறுத்தித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. 1971இல் அயோவா மாநிலத்தின் பெல்லா ஊரில் கேரி வெர்மீர் பெரிய உருளைக் கட்டு இயந்திரத்தைச் செய்த பிறகு, அங்கே சிறிய உருளை பின்தள்ளப்பட்டது. ஆள் பற்றாக்குறை உள்ள பெரும் பண்ணைகளுக்கு நான்கு, ஐந்து அடி விட்டமுள்ள கட்டு வசதி. ஒரு கட்டு சில நூறு கிலோ இருக்கும். முன்பக்கம் ஈட்டி பொருத்திய டிராக்டரால் குத்தித் தூக்குவார்கள். பெல்ட்டுகள் நீண்டு சுருங்கி, கட்டின் அளவை வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் வகைகளும் அந்த உலகத்தைச் சேர்ந்தவை. நம் ஊரில் அந்தக் கட்டை வரப்பைத் தாண்டிக் கொண்டுவரவும் வழியில்லை, மாட்டுக்கு முன்னால் உருட்டிவிடவும் இடமில்லை. இணையத்தில் பேலர் ஒப்பீடு என்று தேடினால் கிடைப்பதில் முக்கால்வாசி இவற்றைப் பற்றியதுதான். அதைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

உருளையிலேயே எந்த அளவு?

இங்கே கிடைக்கும் சிறிய உருளை இயந்திரங்களை இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். ஒன்று, ஜப்பானிய ஸ்டார் நிறுவனத்தின் சிறிய பேலரை ஒட்டிய வகை: 50 செ.மீ. விட்டம், 70 செ.மீ. நீளமுள்ள கட்டு. இதே வடிவத்தைச் சீனத் தொழிற்சாலைகள் பல பெயர்களில் செய்கின்றன. இங்கே வந்து இறங்கும்போது பெயரும் வண்ணமும் மறுபடி மாறுகின்றன. இன்னொன்று, 60 செ.மீ. விட்டமும் ஒரு மீட்டரை ஒட்டிய நீளமும் உள்ள கட்டைப் போடும் சற்றுப் பெரிய வகை. இந்திய நிறுவனங்கள் சிலவும் இந்த அளவில் செய்கின்றன.

கொள்ளளவைக் கணக்கிட்டால் இரண்டாவது கட்டு முதலாவதைப்போல இரண்டு மடங்கு. அது 15 கிலோ என்றால் இது 30 கிலோ. காகிதத்தில் பெரியது வெல்லும். ஒரு டன் வைக்கோலுக்கு 65 தடவை நிற்பதற்குப் பதில் 33 தடவை நின்றால் போதும், கயிறும் குறையும். லாரியில் ஏற்றும் ஆண்களுக்கு 30 கிலோ பெரிய சுமை அல்ல.

ஆனால் கட்டை வயலிலிருந்து ரோட்டுக்குச் சுமப்பது யார்? வீட்டில் போரிலிருந்து இறக்கி மாட்டுக்குப் போடுவது யார்? பெரும்பாலான வீடுகளில் பெண்கள்தான். 15 கிலோ கட்டை ஒரு பெண் தனியாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வார். 30 கிலோவுக்கு இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். உங்களிடம் கட்டச் சொல்லி வருபவர்கள் மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிகள் என்றால் சிறிய கட்டையே விரும்புவார்கள். வியாபாரிக்காகக் கட்டுவது என்றால் பெரியது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கூலி கட்டுக்கணக்கில் என்பதால், ஒரே ஏக்கரில் சிறிய கட்டு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும். விவரமானவர் கையால் தூக்கிப் பார்த்துத்தான் கூலி பேசுவார். எந்த அளவு வாங்கினாலும் தளரக் கட்டி எண்ணிக்கை சேர்க்கும் வேலை ஒரு பருவத்துக்கு மேல் ஓடாது.

அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இயந்திரம் டிராக்டரோடு சேரும் முறை. சிறிய வகை டிராக்டரின் மூன்று முனை இணைப்பில் மாட்டிக்கொள்வது. அரை டன்னை ஒட்டிய எடை. வரப்போ வாய்க்காலோ வந்தால் ஹைட்ராலிக்கில் தூக்கிக்கொண்டு தாண்டிவிடலாம். பெரிய வகை பெரும்பாலும் சொந்தச் சக்கரத்தில் டிரெய்லர்போல் பின்னால் இழுபட்டு வரும். அதற்குத் திரும்ப இடம் வேண்டும், வரப்பை வெட்டி வழி விட வேண்டும், ஈரத்தில் அதன் சக்கரம் தனியாகப் புதையும். பெல்ட் சக்கரத்தில் ஓடும் அறுவடை இயந்திரமான பெல்ட் வண்டி அறுத்த வயல் என்றால் தரையில் ஏற்கெனவே ஈரம் இருந்தது என்று பொருள். டயர் வண்டி இறங்க முடிந்த வயலில்தான் இழுவை வகை தொல்லையில்லாமல் ஓடும். உங்கள் ஊரில் சம்பாவுக்கு எந்த வண்டி அதிகம் வருகிறது என்பதைப் பார்த்தாலே எந்தப் பேலர் என்று பாதி தெரிந்துவிடும். உளுந்து முளைத்த வயலுக்கும் எடை குறைந்த டிராக்டரும் தூக்கி ஓட்டும் இயந்திரமுமே நல்லது.

சிறிய வகையின் குறை ஒன்றையும் மறைக்கக் கூடாது. வைக்கோலைப் பொறுக்கும் பல்வரிசையின் அகலம் 80 செ.மீ. அளவுதான். அறுவடை இயந்திரம் கொட்டிய வரிசை அதைவிட அகலமாகப் பரவிக் கிடந்தால் ஓரங்கள் தவறும். முன்னால் ஒருவர் வைக்கோலை ஒதுக்கிக் கொடுக்க வேண்டும், அல்லது இரண்டு ஓட்டம் ஓட்ட வேண்டும். விளம்பரத்தில் மணிக்கு 80 கட்டு, 100 கட்டு என்று வருவதெல்லாம் வரிசை ஒழுங்காகக் கிடக்கும் வயலின் கணக்கு.

வியட்நாமின் மீகாங் டெல்டாவில் டிராக்டரே இல்லாமல் பெல்ட் சக்கரத்தில் தானே ஓடி, கட்டுகளைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு கரைக்கு வரும் பேலர்கள் ஓடுகின்றன. சேற்று வயலுக்கு அதுவே சரியான விடை. முதல் இயந்திரமாக வாங்கும் விலையில் அது இல்லை. ஆனால் கூட்டாக வாங்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் யோசிக்கலாம்.

உள்ளே ரோலரா, செயினா?

கட்டு உருளும் அறையின் சுவர் சிலவற்றில் இரும்பு ரோலர்களால் ஆனது. சிலவற்றில் இரு பக்கமும் செயின் ஓட, குறுக்கே சட்டங்கள் பிணைத்திருக்கும். ரோலர் வகை இறுக்கமாகவும் உருண்டையாகவும் கட்டும். பல நாள் காய்ந்து, வழுவழுவென்று, துண்டு துண்டாகக் கிடக்கும் வைக்கோலை அதில் போட்டால் சில நேரம் கட்டு உருளாமல் வழுக்கிக்கொண்டே நிற்கும். செயின் சட்டம் அதைப் பற்றி இழுத்துச் சுழற்றிவிடும். அதற்குப் பதில் செயின் தேயும், நீளும், தினமும் எண்ணெய் கேட்கும். ரோலர் வகையில் ரோலருக்கு இரண்டு பேரிங் வீதம் கிரீஸ் கேட்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் வைக்கும் ஒழுக்கம் உள்ள ஓட்டுநர் கிடைத்தால் ரோலர். அறுத்து இரண்டு மூன்று நாளில் கட்டும் டெல்டா வைக்கோலுக்கு வழுக்கல் பெரிய பிரச்சினை அல்ல என்பதால் நான் ரோலர் பக்கம்தான் சாய்வேன்.

இரண்டுமே நிலையான அளவுள்ள அறைகள். நடுவில் தளர்வாகவும் வெளிச்சுற்றில் இறுக்கமாகவும் கட்டு வரும். இது குறை என்று சிலர் சொல்வார்கள். சற்றே ஈரம் மிச்சமிருக்கும் வைக்கோலுக்கு அந்தத் தளர்ந்த நடு காற்றோட்டம் தருகிறது. பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் புளிக்கவைத்துச் சேமிக்கும் சைலேஜ் போடும் எண்ணம் இருப்பவருக்கு இது மட்டும் போதாது. காற்று துளியும் இருக்கக் கூடாத அந்த வேலைக்கு இறுக்கமாகக் கட்டி மேலே பிளாஸ்டிக் படலம் சுற்றும் அமைப்பே தனி. சோளத்தட்டு கட்டலாமா என்றும் கேட்கிறார்கள். மெல்லிய தட்டு போகும். கட்டைவிரல் பருமனுள்ள தட்டைச் சிறிய பேலருக்குள் விட்டால் வாயிலேயே அடைத்துக்கொள்ளும்.

கயிறு விஷயத்தில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. மாட்டுக்குப் போகும் கட்டு என்றால் சணல் கயிறு. பிளாஸ்டிக் கயிறு மலிவு, அறுபடாது, எலி கடிக்காது. ஆனால் கயிற்றை உருவாமல் கட்டை அப்படியே மாட்டுக்கு முன் போடுகிற வீடுகள்தான் அதிகம். விழுங்கிய பிளாஸ்டிக் மாட்டின் பெருவயிற்றில் செரிக்காமல் உருண்டு கிடந்து உயிருக்கே உலை வைக்கும். வலை சுற்றும் வசதியுள்ள இயந்திரம் இரண்டு மூன்று சுற்றில் வேலையை முடித்துவிடும், நேரம் மிச்சம்தான். வலையும் பிளாஸ்டிக்தான் என்பதை மறக்க வேண்டாம். சணலிலும் பருமன் சீராக இல்லாத மட்டமான சுருள் வாங்கினால் அறுந்து அறுந்து மானத்தை வாங்கும்.

டிராக்டர், கடை, மானியம்

வீட்டில் உள்ள டிராக்டரை மாற்றாமல் ஓடும் பேலரே முதல் பேலர். சிறிய வகைக்கு 30 முதல் 35 குதிரைத்திறன் போதும். சேற்றில் ஓட வேண்டுமென்றால் நான்கு சக்கர இழுவை உதவும். டிராக்டரின் பின்னாலிருந்து இயந்திரத்தைச் சுழற்றும் தண்டான பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓட வேண்டும். பின்கதவைத் திறக்க ஹைட்ராலிக் இணைப்பு தேவைப்படும் வகை என்றால், டிப்பர் டிரெய்லரைத் தூக்குவதற்கு உள்ளதுபோன்ற வெளி இணைப்பு உங்கள் டிராக்டரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வகைகளில் பி.டி.ஓ. சுழற்சியே கதவையும் திறந்துவிடும். கியரும் கவனிக்க வேண்டியது. பி.டி.ஓ. முழு வேகத்தில் இருக்க, டிராக்டர் மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டரில் ஊர வேண்டும். அதற்கேற்ற தாழ்ந்த கியர் இல்லாத பழைய டிராக்டர் கிளட்சைத் தின்றுவிடும்.

எந்தக் கம்பெனி என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, மாசி மாதம் ஞாயிற்றுக்கிழமை மதியம் செயின் அறுந்தால் மாலைக்குள் மாற்றுச் செயின் எங்கே கிடைக்கும் என்பதுதான். பொறுக்கும் பல், பேரிங், செயின், கயிறு அறுக்கும் கத்தி, சுமை மிஞ்சினால் தான் உடைந்து மற்ற பாகங்களைக் காக்கும் ஷியர் போல்ட் இந்த ஐந்தும் 50 கிலோமீட்டருக்குள் கிடைக்காத இயந்திரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். ஒரே சீன வடிவத்தைப் பல பெயரில் விற்பதில் ஒரு நன்மை உண்டு. ஒருவர் கடையில் இல்லாத பாகம் இன்னொருவர் கடையில் பொருந்தும். பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியத் தயாரிப்பில் பாகப் பட்டியலும் சேவை ஆளும் ஒழுங்காக இருக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கு முன்பே வாங்கிய இரண்டு பேரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்குகிற கடையை விட்டு வந்துவிடலாம்.

விற்பனையாளரிடம் பரிசோதனை அறிக்கையையும் கேட்கலாம். மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும் ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னையிலும் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திர நிலையங்கள் இயந்திரங்களைச் சோதித்து அறிக்கை தருகின்றன. எரிபொருள் செலவும் மணிக்கு எவ்வளவு பரப்பு என்பதும் அதில் இருக்கும். விளம்பரத் தாளுக்கும் அந்த அறிக்கைக்கும் உள்ள தூரத்தைப் பார்ப்பதே ஒரு படிப்பு.

வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உச்சவரம்போடு. அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள மாடல்களுக்குத்தான் அது கிடைக்கும். வாங்கிவிட்டு விண்ணப்பித்தால் கிடைக்காது. மானியப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காகவே பாகம் கிடைக்காத இயந்திரத்தை வாங்குவது, மானியமே இல்லாமல் நல்லதை வாங்குவதைவிட நஷ்டம்.

பழைய இயந்திரம் வாங்குவதென்றால், பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். கதவைத் திறந்து ஒவ்வொரு ரோலரையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. ரோலர் தண்டே தேய்ந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பக்கத் தகட்டில் வெல்டிங் தழும்பு, செயின் பற்களில் கொக்கி போன்ற வளைவு, பாதி உதிர்ந்த பொறுக்கும் பற்கள், இவற்றையெல்லாம் பேரம் பேசுவதற்குக் குறித்துக்கொள்ளுங்கள். பி.டி.ஓ. தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாமல் விற்றால் புது உறையின் விலையைக் கழித்துவிட்டு, ஓட்டுவதற்கு முன் முதல் வேலையாக அதைப் போடுங்கள். வேட்டி நுனியும் தோளில் கிடக்கும் துண்டும் புடவைத் தலைப்பும் அந்தத் தண்டுக்குப் பிடித்தமானவை. அடைத்த வைக்கோலை இழுப்பதற்கு முன் எஞ்சினையே நிறுத்திவிட வேண்டும். பி.டி.ஓ.வை மட்டும் நிறுத்தினால் போதும் என்று சொல்லும் ஓட்டுநருக்கு உங்கள் இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

எப்போது வாங்குவது என்பதும் எதை வாங்குவது என்பதற்குக் குறைந்ததல்ல. தை பிறந்த பிறகு கடைக்குப் போனால், இருக்கும் மாடலைச் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதுதான். ஆனியிலோ ஆடியிலோ மானியத்துக்கு விண்ணப்பித்துவிட்டால் புரட்டாசியில் குறுவை அறுப்புக்கு இயந்திரம் கைக்கு வரும். குறுவை வைக்கோல் பாதி மழையில் போவது வழக்கம், கூலியும் பெரிதாக வராது. ஆனால் இயந்திரத்தை உங்கள் சேற்றில், உங்கள் டிராக்டரில் ஓட்டிப் பார்க்க அதைவிட நல்ல சமயம் இல்லை. எந்த போல்ட் தளர்கிறது, எந்தக் கயிறு அறுகிறது, ஓட்டுநருக்கு எந்த வேகம் கைவருகிறது என்பதெல்லாம் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். கடைக்காரரும் ஐப்பசி, கார்த்திகையில் கூப்பிட்டால் வருவார். மாசியில் அவர் தொலைபேசியை எடுக்கவே நேரமிருக்காது.